எறும்பு வளை: மருந்து வாயிலில், ராணி அடியில்

சென்ற கார் பருவத்தில் இலஞ்சி விவசாயி ஒருவர் தம் வயல் வரப்பைக் காட்டி, "ஐயா, மூணு தடவை பொடி போட்டாச்சு. நாலு நாளில் பக்கத்திலேயே இன்னொரு வாயைத் திறந்துவிடுகிறது. வயலில் தண்ணீர் நிற்கவில்லை" என்று குறைபட்டுக் கொண்டார். எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்வதே என் போன்றோரின் வழக்கம். பல ஆண்டுகள் நானும் அப்படியே சொல்லி வந்தேன். வளைக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் மருந்து சொன்னது தவறு என்பதே என் இன்றைய கருத்து.

எறும்பு வளையை ஆராய்வோர் முதலில் நம்பியது மண்வெட்டியைத்தான். வளைக்கு அருகே ஆள் இறங்கும் அளவு குழி வெட்டி, அதன் சுவரைக் கத்தியால் சீவிச் சீவி, ஒவ்வோர் அறையாகத் திறந்து அளப்பார்கள். பெங்களூர் எறும்பு ஆய்வாளர் முஸ்தாக் அலியும் வெளிநாட்டு அறிஞர் மூவரும் தென்னிந்தியாவின் குதிக்கும் எறும்பு வளைகளைப் பற்றி 1994-ல் எழுதினார்கள். மேலறைக்குக் கவிந்த மண் கூரை; கூரைக்கும் சுற்று மண்ணுக்கும் இடையே வெற்றிடம்; அறைச் சுவர்களில் பழைய கூட்டுப்புழு உறைகளின் பூச்சு; எல்லாவற்றுக்கும் கீழே குப்பைக்கு ஓர் அறை! வெள்ளத்தைச் சமாளிக்க இந்த அமைப்பு உதவக்கூடும் என்கிறார்கள். சாரலில் நனையும் நம் ஊர்க்காரருக்கு இது புரியும்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் வால்டர் சிங்கல் வளைக்குள் பிளாஸ்டர் கரைசலையோ, உருக்கிய மெழுகையோ, துத்தநாகம், அலுமினியத்தையோ ஊற்றி வார்ப்பு எடுத்தார். இறுகியபின் தோண்டினால் வளையின் அச்சு கிடைக்கும். விதை சேர்க்கும் எறும்பின் வளை பத்தடி வரை இறங்குகிறது. வாழைத்தார்த் தண்டில் சீப்புகள் போல, செங்குத்துப் பாதையை ஒட்டி அறைகள். பிரேசிலில் இலைவெட்டி எறும்பு வளைகளுக்கு டன் கணக்கில் சிமெண்ட் ஊற்றி, ஏழு மீட்டர் ஆழம் வரை கண்டார்கள். வார்ப்பு எடுத்தால் அந்தக் குடும்பம் மடியும் என்பது உண்மை. உலோகம் ஊற்றுவதைப் படத்தில் பார்த்த பிள்ளைகள் வீட்டில் முயல வேண்டாம். ஈரமண்ணில் பட்டால் வெடித்துத் தெறிக்கும்.

நமக்கு வேண்டிய செய்தி இதுதான். புளோரிடா வளையில் வெளியே இரை தேடுபவை கிழட்டு எறும்புகள், மேலறைகளில் தங்குபவை. இளம் எறும்புகளும் புழுக்களும் ஆழத்தில். வாயிலில் தூவும் பொடி, எப்படியும் சில வாரங்களில் சாகப் போகிறவற்றைத்தான் முதலில் கொல்கிறது. மிச்சம் அடுத்த மழையில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது.

பிசான அறுவடைக்குப் பின் வயல் காய்ந்ததும் அந்த வரப்போரம் குழி வெட்டிப் பார்த்தோம். இரண்டடி வரை அறைகள் வந்துகொண்டே இருந்தன, ராணியைக் காணோம். தண்ணீர் போன வழியோ நான்கடி தள்ளியிருந்த ஒரு நண்டு வளை! அண்டை வெட்டிச் சேறு பூசினால் தீரும் காரியம் அது. மூன்று தடவை வாங்கிய பொடியின் விலை யார் கணக்கில்?

நாற்றங்காலில் விதை இழுக்கும் எறும்பையும், மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பையும் கவனிக்கத்தான் வேண்டும். வரப்பில் இருப்பவை பூச்சி முட்டைகளையும் தின்கின்றன, அவற்றை விட்டுவிடலாம். இப்பகுதி வரப்புகளில் எந்த எறும்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று நாமே அளக்க வேண்டும். வைகாசியில், கார் உழவுக்கு முன், ஒரு வரப்பைத் தோண்ட அனுமதிப்பவர் இருந்தால் பிளாஸ்டர் மூட்டையோடு நான் வரத் தயார்.