பட்டம் கட்டினால் மெசேஜ் போய்ச் சேருமா?

வாட்ஸ்அப்புக்கு மாற்றாக யாருக்கும் சொந்தமில்லாத ஒரு செய்தி நெறிமுறை வேண்டும் என்று பேசுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. செயலிகளுக்குத் தரநிலை வகுத்து, அதற்கு எடுப்பான பெயர் வைத்து, ஊரறிய விளம்பரம் செய்துவிட்டால் மக்கள் நம்பி வந்துவிடுவார்களாம். எக்ஸ்எம்பிபி உலகில் வகுத்தும் பார்த்தாயிற்று, பெயர் வைத்தும் பார்த்தாயிற்று.

1999இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்று அறிமுகப்படுத்திய நெறிமுறை அது. அடிப்படை சிறியது, மற்றதெல்லாம் நீட்டிப்புகள். அவற்றின் எண்ணிக்கை 400ஐத் தாண்டிவிட்டது. எதை எழுதுவது, எதை விடுவது என்று திணறும் நிரலருக்காக எக்ஸ்எம்பிபி தர அறக்கட்டளை அவ்வப்போது பட்டியல் வெளியிடுகிறது. இவ்வளவு இருந்தால் 'கோர்', இன்னும் இருந்தால் 'அட்வான்ஸ்ட்'. நிரலருக்கு அது நல்ல கைவிளக்கு. அதோடு எனக்குச் சண்டையில்லை. அதையே முத்திரையாக்கிப் பயனர் முன்னால் நீட்டுவதில்தான் கோளாறு.

நகைக்கடையில் ஹால்மார்க்கை ஏன் நம்புகிறோம்? கடைக்காரர் அல்லாத ஒருவர் தங்கத்தைச் சோதித்திருக்கிறார். இங்கே "எங்களிடம் இவையெல்லாம் உண்டு" என்று செயலியை எழுதியவரே எழுதிக்கொள்கிறார். சர்வர்களுக்கு மதிப்பெண் போடும் சோதனைக் கருவி இருக்கிறது, உண்மைதான். அது நீட்டிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். ரயில் சுரங்கத்துக்குள் போய் வந்த பிறகு உங்கள் மெசேஜ் பிழைத்திருக்கிறதா என்று பார்க்காது.

'உண்டு' என்பதாவது ஒரே பொருள் தருகிறதா? ஓமெமோ என்ற மறையாக்க நீட்டிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அதன் வடிவம் மாறியது. பழையதை மட்டும் அறிந்த செயலியும் புதியதை மட்டும் அறிந்த செயலியும் ஒன்றுக்கொன்று ஊமை. இரண்டுமே "ஓமெமோ உண்டு" என்று கூசாமல் சொல்லலாம், பொய்யும் ஆகாது. போதாததற்கு, ஓர் உரையாடலில் இரண்டு செயலிகளும் பெரும்பாலும் இரண்டு சர்வர்களும் இருக்கின்றன. என் பக்கத்துப் பட்டம் உங்கள் பக்கத்துச் சர்வருக்கு எப்படித் தெரியும்? (எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரை நம்பி டிவி வாங்கி, அதன் புது வசதிகளெல்லாம் 'விருப்பத்துக்கு உட்பட்டவை' என்று பிறகு அறிந்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள்.)

எக்ஸ்எம்பிபி வலையமைப்பு ஒருமுறை நிஜமாகவே ஒரு படி ஏறியது. சர்வர்களுக்கிடையே மறையாக்கம் இல்லாத இணைப்பை 2014 மே 19 முதல் ஏற்பதில்லை என்று சர்வர் நடத்துகிறவர்கள் பலர் கூடி முடிவெடுத்தார்கள். அதற்கு முன்பே சில நாள்கள் சோதனையாக அடைத்துத் திறந்தும் பார்த்தார்கள். பயனர் எவரும் எந்த நிலையின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அப்போது இந்த வலையமைப்பில் இருந்தவற்றிலேயே பெரிய பெயர் கூகுள் டாக். மற்ற சர்வர்களோடு மறையாக்கத்தில் பேச அது கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு, முடிவில் உறுதியாக நின்ற சர்வர்களில் அதற்கும் கதவு திறக்கவில்லை.