கொப்பரையை வருஷா வருஷம் கடலில் வீசலாமா?

இஸ்ரோ பேச்சு வந்தாலே போதும்... "செவ்வாய்க்கு 450 கோடியில போனோம்ல, கிலோமீட்டர் கணக்குல ஆட்டோவை விட சீப்பு!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2013ல் கிளம்பிய மங்கள்யான் சாதனைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதையே சாக்காக வைத்து, "இங்கதான் ஏற்கனவே மலிவாச்சே, திரும்பி வர்ற ராக்கெட் எதுக்கு?" என்று கேட்கிறார்களே, அதுதான் தப்பு.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கார்த்திகை தீபத்துக்கு 2668 அடி மலை உச்சிக்குக் கொப்பரையைச் சுமந்து போகிறார்கள். 11 நாள் தீபம் எரிந்ததும் கீழே கொண்டுவந்து வைக்கிறார்கள். அடுத்த வருஷமும் அதே கொப்பரை. நெய்யும் திரியும்தான் புதுசு. பிஎஸ்எல்வி அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் கொப்பரையே கடலுக்குப் போகிறது! எரிபொருள் செலவு ரொம்பக் கொஞ்சம். பணமெல்லாம் இருப்பது இன்ஜினிலும் டாங்கிலும்.

ஸ்பேஸ்எக்ஸ் இதைத்தான் மாற்றியது. ஃபால்கன் 9ன் கீழ் அடுக்கு, மேல் அடுக்கைப் பிரித்துவிட்டதும் சும்மா விழுவதில்லை. மிச்சம் வைத்த எரிபொருளில் இன்ஜினை மறுபடி பற்றவைத்து, வேகத்தைக் குறைத்து, காலை விரித்து நின்றுவிடும். அந்த மிச்ச எரிபொருளால் ஏற்றும் சுமை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 2015 டிசம்பரில் முதல் முறை இறங்கியது, 2017ல் பழைய அடுக்கே மறுபடி பறந்தது. இன்று ஒரே அடுக்கு 30 தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறது.

"அமெரிக்க ஷட்டில் என்ன ஆச்சு?" என்பார்கள். நியாயமான கேள்வி. 1981 முதல் 2011 வரை 135 பயணம்தான். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தபின் மாதக்கணக்கில் பழுது பார்த்தார்கள், செலவு குறையவே இல்லை. ஆக, திரும்பி வந்தால் மட்டும் போதாது. சீக்கிரம் கிளம்பவும் வேண்டும், அடிக்கடி கிளம்பவும் வேண்டும். முதலீட்டை எத்தனை பயணத்தில் பங்கு போடுகிறோம் என்பதுதானே காமர்ஸ் பாலபாடம்!

இஸ்ரோவிடம் திறமை இல்லாமலா? 2024ல் சித்ரதுர்கா அருகே புஷ்பக்கை 4.5 கிலோமீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விட்டார்கள், தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. மார்ச்சில் இறங்கிய அதே உடல்தான் ஜூனிலும் இறங்கியது. ஆனால் அதே வருஷம் நவம்பரில், 4700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை ஏற்ற எல்விஎம்3க்குத் திராணி இல்லாமல், காசு கொடுத்து ஃபால்கன் 9ல் அனுப்ப வேண்டியிருந்தது. அதுவும் ஏற்கனவே பல தடவை பறந்த பழைய அடுக்கில்!

கீழ் அடுக்கு திரும்பி வரும் புதிய ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு 8240 கோடி ஒதுக்கியது. கெடு எட்டு வருஷம். 2024ல் இந்தியாவிலிருந்து விண்ணுக்குப் போன ராக்கெட்டுகள் ஐந்து. ஃபால்கன் 130க்கும் மேல். வருஷத்துக்கு ஐந்தே தடவை கிளம்பினால், திரும்பி வரும் ராக்கெட்டும் ஷட்டில் கதையாகத்தான் முடியும். ராக்கெட் தயாராகும் வரை காத்திருக்காமல், அதில் ஏற்றச் சரக்கையும் இப்போதே தேட வேண்டும்.

மங்கள்யான் பெருமையை இன்னும் எத்தனை வருஷம் வட்டிக்கு விட்டுச் சாப்பிட முடியும்?