காயலான் கடை இரும்பில் கலை!

ஓசூரில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உற்பத்தியாகின்றன. கூடவே துண்டுத் தகடும் தேய்ந்த பற்சக்கரமும் சேருகின்றன. எடை போட்டு விற்றால் காசு. உலையில் போட்டால் மறுபடி இரும்பு. இவற்றில் சிலை பிறக்காதா?

பிறக்கும்! சண்டிகரில் சாலை இன்ஸ்பெக்டராக இருந்தவர் நேக் சந்த். உடைந்த வளையலையும் பீங்கானையும் கொண்டு, சர்க்கார் நிலத்திலேயே ரகசியமாகச் சிலைகள் செய்தார். விஷயம் வெளிப்பட்டபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். சர்க்காரோ 1976-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்தது!

டில்லியில் 2019-ல் திறந்த பூங்காவில், பழைய இரும்பால் ஆன தாஜ் மகாலும் ஈபில் கோபுரமும் நிற்கின்றன. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவை நகல்கள்தாமே?

கிருஷ்ணகிரிச் சீமைக்கு நகல் எதற்கு? ஆநிரை காத்து மடிந்த வீரனை, கிடைத்த கல்லில் நடுகல்லாக நிறுத்திய மண் அன்றோ இது! பற்றவைக்கும் தொழிலாளியின் உருவமே இங்கு சிலையாகட்டும்.

ஓர் அபாயமும் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும், கிலோவுக்கு விலையும் உண்டு. கவனிப்பாரற்ற சிலை காயலான் கடைக்கே திரும்பும். ஆகவே சிலை வைப்போர், செய்தவர் பெயரைப் பொறித்து, ஆண்டுதோறும் வர்ணம் பூசவும் வழி செய்ய வேண்டும்.