பாதுகாப்புத் தணிக்கையின் தரம் உயர்த்தக் கோரும் மனு

பெறுநர்: தொழிலாளர் ஆணையர், டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை.
நகல்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை.
அனுப்புநர்: கடை ஊழியர் சங்கம், தேனாம்பேட்டை.
பொருள்: பல மாடிக் கடைகளில் பாதுகாப்புத் தணிக்கை – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2017 மே 31 அதிகாலையில் தி.நகர் உஸ்மான் சாலை சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. உள்ளே இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டார்கள். மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தை இடிக்கும் வேலையில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அதற்கு முன், 2008 செப்டம்பர் 1 அன்று, ரங்கநாதன் தெரு சரவணா ஸ்டோர்ஸ் தீயில் ஊழியர்கள் இருவர் மாண்டார்கள். இரண்டு இடங்களும் ஆணையர் அலுவலகத்திலிருந்து சில நிமிடப் பயணம்தான், ஆடித் தள்ளுபடி நேரத்து நெரிசலைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

தணிக்கைக்கு நாட்டில் விதி இல்லாமல் இல்லை. அபாயகர இரசாயனங்களைக் கையாளும் ஆலைகள், தங்களோடு தொடர்பில்லாத வல்லுநரைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கை நடத்தி, 30 நாளுக்குள் அறிக்கையை அரசிடம் தர வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டு விதிகள். தணிக்கையை எப்படி நடத்துவது என்பதற்கு ஐ.எஸ். 14489 என்ற இந்தியத் தரமும் உண்டு. ஆனால் இந்த விதிகள் ஆலைகளுக்கானவை. 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் ஏழு மாடித் துணிக்கடைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.

விதி வந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சங்கம் நினைக்கவில்லை. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலத் தரச் சான்றிதழ் கிடைத்த சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பரில், அங்கே பிடித்த தீயில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜன்னல்களில் கம்பி போட்டிருந்தது சான்றிதழ் கொடுத்தவர்களுக்குக் குறையாகப் படவில்லை. போபாலில் நடந்தது வேறு வகை. 1982 மே மாதமே யூனியன் கார்பைடின் அமெரிக்கக் குழு ஆலையைப் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. 1984 டிசம்பரில் வாயு கசிந்தது. ஒரு தணிக்கை கண்ணை மூடிக்கொண்டது. இன்னொன்று கண்டதைச் சொல்லியும் கேட்பாரில்லை.

எனவே சங்கத்தின் முதல் கோரிக்கை, தணிக்கையாளரைக் கடை முதலாளி தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது. அரசுப் பட்டியலிலிருந்து சுழற்சி முறையில் ஆள் வரட்டும். கட்டணத்தை முதலாளி அரசிடம் கட்டட்டும். கூலி கொடுப்பவரையே குறை சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு உண்டு? வரும் நாளை முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரம், சரக்கு மூட்டைகள் மாடிப்படியில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது வந்து பார்த்தால்தான் அவசர வழி நிஜமாகவே திறக்கிறதா என்று தெரியும். ஊழியர் விடுதி, மாடிச் சமையலறை, அடித்தளக் குடோன் மூன்றும் தணிக்கைக்குள் வர வேண்டும்.

ஊழியர்களிடம் மேலாளர் இல்லாத இடத்தில் பேச வேண்டும். எந்தக் கதவுக்குப் பூட்டு, எந்த ஸ்விட்ச் பெட்டியில் பொறி பறக்கிறது என்பது விற்பனைப் பெண்ணுக்குத் தெரியும். 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இதற்கு நல்ல முன்மாதிரி: பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, ஆலையில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள்.

அறிக்கை தமிழில் ஊழியர் வாசலில் ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் கெடு தேதி எழுதப்பட வேண்டும். கெடு தாண்டினால் அந்தத் தளத்தை மூட வேண்டும். 2013-ல் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, வங்கதேச ஆடை ஆலைகளின் ஆய்வு அறிக்கைகளை அங்கு ஏற்பட்ட ஒப்பந்த அமைப்பு பொதுவில் வெளியிட்டது. ஆலைகள் அதனால் மூழ்கிப்போகவில்லை, ஏற்றுமதி தொடர்கிறது.

செலவு கூடும் என்ற ஆட்சேபம் வரும். டீக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் இதைச் சங்கம் கேட்கவில்லை. பல மாடிக் கடைகளுக்கும் ஊழியர் விடுதி நடத்தும் நிறுவனங்களுக்கும் மட்டுமே கேட்கிறது. ஊழியருக்காகச் சட்டத்தை மாற்றுவதும் இங்கே புதிதல்ல: கடை ஊழியர் உட்காருவதற்காக 2021-ல் அந்த 1947 சட்டத்தையே திருத்திய மாநிலம் இது.

அடுத்த ஆடித் தள்ளுபடி தொடங்குமுன் மூன்று துறைகளும் சங்கப் பிரதிநிதிகளும் அமரும் கூட்டுக் கூட்டத்துக்குத் தேதி குறித்து, எழுத்து மூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.