ஒரு பிரதி ஒத்திகை

சொந்தக் காசில் புகைப்படச் சிற்றிதழ் போடுகிறவர் பெங்களூரு அடுகோடியில் இருந்தாலும் சரி, சென்னை ஆவடியில் இருந்தாலும் சரி, அவரை முதலில் ஏமாற்றுவது கணினித் திரைதான். திரைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு; தாளுக்குக் கிடையாது. பளபளப்பில்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், நிழலில் நிற்கும் முகம் கறுப்பில் கரைந்துவிடும். 500 பிரதிகள் அச்சான பிறகு வருந்திப் பயனில்லை.

அதற்குத்தான் மாதிரிப் பிரதி. அச்சிடப்போகும் அதே தாளில், அதே அளவில் ஒன்று. முகம் இருண்டால் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி எடுத்துப் பார்க்கலாம். நஷ்டம் சில தாள்களே.

நடு மடிப்பில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் அமைய வேண்டும். 22 பக்கத்துக்குப் படம் வைத்திருப்பவர் இரண்டைக் கழித்து 20 ஆக்க வேண்டும், அல்லது கூட்டி 24. எந்தப் படம் போகலாம் என்பது கையில் வைத்துப் புரட்டும்போதுதான் தெரியும்.

மாதிரி வீண் உழைப்பல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தபோது தயாநிதா சிங், தபலா மேதை ஜாகிர் உசேன் பற்றி 1986-ல் கையால் ஒரு மாதிரிப் புத்தகம் செய்தார். 2019-ல் ஜெர்மனியின் ஷ்டைடல் பதிப்பகம் அந்த மாதிரியையே நகலெடுத்து வெளியிட்டது. ஒத்திகையே அரங்கேறிவிட்டது.