கோப்பையை வென்றால்தான் குடிமகளா?

இத்தாலியின் கைப்பந்து வீராங்கனை பாவோலா எகோனுவின் படத்தை நம் தோழர்கள் பலர் சமூக வலைத்தளங்களில் பகிர்வதைப் பார்க்கிறோம். கழுத்தில் ஒலிம்பிக் தங்கம். கீழே, 'இனவெறியர்களுக்கு இவள் கொடுத்த பதிலடி' என்பது மாதிரி ஒரு வரி. பகிர்பவர்களின் உணர்வு நமக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வரியில் நமக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, பாரிஸ் தங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால், அவர் சிறுமியாக ஆடிய ஒரு போட்டிக்குப் போக வேண்டும்.

2015 ஆகஸ்டில் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கைப்பந்துப் போட்டி நடந்தது. 1989இல் தொடங்கிய இந்தப் போட்டியில் அதுவரை சோவியத் ஒன்றியம், தென் கொரியா, ரஷ்யா, ஜப்பான், பிரேசில், சீனா, துருக்கி ஆகியவைதான் பட்டம் வென்றிருந்தன. லிமாவில் முதன்முறையாக இத்தாலி வென்றது. தொடரின் மிகச் சிறந்த வீராங்கனை விருது எகோனுவுக்கு. வயது 16.

இத்தாலியின் சித்தடெல்லா என்ற ஊரில் பிறந்தவர் அவர். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து குடியேறியவர்கள். இத்தாலியில் பிறந்து, இத்தாலியப் பள்ளியில் படித்து, இத்தாலிய மொழி பேசி வளர்ந்தாலும் பிறக்கும்போது அவர் இத்தாலியக் குடிமகள் அல்ல. 14 வயதில், அவருடைய தந்தைக்குக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் மகளுக்கும் கிடைத்தது. சர்வதேசப் போட்டியில் ஒரு நாட்டின் சட்டையை அணிய அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். தந்தையின் கோப்பு ஏதோ ஓர் அலுவலக மேசையில் இன்னும் மூன்று ஆண்டு தூங்கியிருந்தால், லிமா போட்டியில் அந்தப் பெண் இருந்திருக்க மாட்டார். பந்தை அடிக்கும் கையும் அதே கை, எகிறிக் குதிக்கும் காலும் அதே கால்தான். காகிதம் மட்டும் இருந்திருக்காது.

இதைச் சட்டமாகப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டின் 91ஆம் எண் சட்டம்தான் இன்றும் இத்தாலியின் குடியுரிமையைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் 10 ஆண்டு சட்டப்படி வசித்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அவர்களுக்கு அங்கேயே பிறக்கும் குழந்தை, பிறந்த நாளிலிருந்து இடைவெளியில்லாமல் அந்த நாட்டிலேயே வசித்தால், 18 வயது நிரம்பிய பின் ஓராண்டுக்குள் குடியுரிமை கோரலாம். அதற்குள் பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றால்தான் பிள்ளைக்கு முன்னதாகவே வழி திறக்கும்.

போட்டியின் பெயரை இப்போது மறுபடி படியுங்கள். 18 வயதுக்குட்பட்டோர். சட்டம் கதவைத் திறக்கும் வயதில் போட்டி கதவை மூடிவிடுகிறது. அங்கேயே பிறந்த, பெற்றோருக்கு இன்னும் காகிதம் கிடைக்காத ஒரு பெண், எவ்வளவு திறமையாக ஆடினாலும் இத்தாலிக்காக இந்தப் போட்டியில் ஒருநாளும் ஆட முடியாது. யாரும் அவளை 'நீ வேண்டாம்' என்று சொல்லவும் தேவையில்லை. தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், பயிற்சியாளர் அவளுக்காக வருத்தப்படவும் செய்யலாம். எவருடைய வெறுப்பும் இல்லாமலேயே விலக்கல் நடந்து முடிந்துவிடுகிறது. இது நமக்குப் பழக்கமான ஏற்பாடு. கிணற்றுக்குக் காவல் போட வேண்டிய அவசியமே இல்லாதபடி ஊரை அமைத்தவர்களின் பிள்ளைகளோடுதானே நாமும் படிக்கிறோம்.

2016இல் இத்தாலி ஒரு சிறு சலுகை கொடுத்தது. 10 வயதுக்கு முன்பிருந்தே அங்கு வசிக்கும் வெளிநாட்டுச் சிறார்கள், இத்தாலியச் சிறார்களைப் போலவே உள்ளூர் விளையாட்டுக் கழகங்களில் பதிவு செய்துகொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். நல்லதுதான். ஆனால் தேசிய அணியின் வாசல் அதில் அடங்கவில்லை. கழகத்துக்காக ஓடு, வியர்வை சிந்து, கோப்பை வாங்கிக் கொடு. நாட்டின் பெயரை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளாதே.

போட்டி நடந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருவில் கைப்பந்து என்றால் பெண்கள் ஆட்டம். அந்த ஆட்டத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பெருவை நான்காம் இடம் வரை கொண்டுவந்த அணியில் இருந்த லுச்சா ஃபுவென்டெஸ் கறுப்பினப் பெண். அவருக்குப் பின் வந்த செசிலியா டைட், லிமாவின் விளிம்பில் உள்ள வில்லா மரியா டெல் ட்ரியுன்ஃபோ என்ற ஏழை மக்களின் குடியிருப்பில் வளர்ந்தவர். இடதுகை ஆட்டக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் சோவியத் அணிக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளையும் பெரு வென்றது. பிறகு மூன்று செட்டுகளையும் இழந்து, கடைசி செட்டில் 15க்கு 17 என்று தோற்று வெள்ளியோடு திரும்பியது. தோற்ற அந்த அணியை அந்த நாடு இன்றும் கொண்டாடுகிறது. டைட் பின்னாளில் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதைக் கேட்டதும் பெருவில் இனவெறி ஒழிந்துவிட்டது என்று யாராவது நினைத்தால், பொறுங்கள். ஆப்பிரிக்க வழிவந்த மக்களுக்கு இழைத்த அநீதிக்காக பெரு அரசு மன்னிப்புக் கேட்டதே 2009இல்தான். 1940க்குப் பிறகு, அந்த மக்கள் எத்தனை பேர் என்று கேட்கும் கேள்வி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மீண்டும் வந்தது 2017இல். ஆக, லுச்சா ஃபுவென்டெஸ் ஆடிய காலத்திலும், செசிலியா டைட் ஆடிய காலத்திலும், 2015இல் உலகச் சிறுமிகள் லிமாவுக்கு வந்து ஆடிய நாளிலும் அவர்களுடைய மக்களின் தொகை அரசுக் கணக்கில் இல்லை. வீராங்கனையின் பெயரை ஊரே சொல்லும், அவளுடைய மக்களை மட்டும் எண்ண மாட்டார்கள். (சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்டால் இங்கே யாருக்கெல்லாம் வயிறு கலங்குகிறது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.)

எகோனுவுக்குத் திரும்புவோம். 17 வயதில் ரியோ ஒலிம்பிக், பிறகு உலகின் முதன்மையான தாக்குதல் ஆட்டக்காரர்களில் ஒருவர் என்ற பெயர், டோக்கியோ தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியைச் சுமந்தவர்களில் ஒருவர் என்ற பெருமை. அதே டோக்கியோவில் காலிறுதியில் இத்தாலி தோற்றது. 2022 உலகப் போட்டியில் அணி வெண்கலம் வாங்கியது. வாங்கிய அன்றே, தேசிய அணியில் இதுவே தன் கடைசி ஆட்டம் என்று அவர் அழுதபடி சொல்லும் காணொளி பரவியது. 'நீ எதற்கு இத்தாலியப் பெண்?' என்று தன்னிடம் கேட்டதாக அவர் அதில் சொன்னார். தங்கத்துக்குப் பதில் வெண்கலம் வந்தால் குடியுரிமையையே கேள்வி கேட்பார்கள் போலிருக்கிறது.

2023இல் ராபர்ட்டோ வன்னாச்சி என்ற ராணுவத் தளபதி சொந்தமாக ஒரு புத்தகம் வெளியிட்டார். எகோனுவின் முகத்தோற்றம் இத்தாலியத்தன்மையைப் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை என்று அதில் எழுதினார். அவரைப் பதவியிலிருந்து மாற்றினார்கள். சரி, தண்டனை கிடைத்தது என்று நினைத்தால், அடுத்த ஆண்டே லேகா கட்சியின் வேட்பாளராக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். இதே கதையைப் பெயரும் கட்சியும் மாற்றி நம் ஊரில் சொன்னாலும் பொருந்தும்.

2024 ஆகஸ்ட் 11 அன்று பாரிஸில் அமெரிக்காவை மூன்று நேர் செட்டுகளில் வீழ்த்தி இத்தாலி தங்கம் வென்றது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் சேர்த்து கைப்பந்தில் இத்தாலிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. சிறந்த வீராங்கனை எகோனு. உடனே ரோமில், ஒலிம்பிக் குழு அலுவலகத்துக்கு எதிரே, லைக்கா என்ற தெரு ஓவியர் அவர் பந்தை அடிக்கும் காட்சியை வரைந்தார். ஓரிரு நாள்கூட ஆகவில்லை. யாரோ வந்து ஓவியத்தில் இருந்த கறுப்புத் தோலின் மேல் இளஞ்சிவப்பு வண்ணத்தைப் பூசிவிட்டுப் போனார்கள். பதக்கத்தை வைத்துக்கொள்கிறோம், தோலை மாற்றிக்கொள் என்பதுதான் அதன் பொருள்.

இங்கேதான் 'பதிலடி' என்ற சொல் நமக்கு உறுத்துகிறது. தங்கம் வென்றதால் அவர் இத்தாலியர் என்று நாம் வாதாடினால், டோக்கியோவில் தோற்ற அன்று அவர் யார்? லிமாவுக்குத் தேர்வாகாத, காகிதம் கிடைக்காத, ஏன், கைப்பந்தே ஆடத் தெரியாத ஆயிரக்கணக்கான கறுப்பினச் சிறுமிகள் யார்? வன்னாச்சியின் கேள்வி, 'இவள் எங்களில் ஒருத்தியா?' என்பது. பதக்கத்தைக் காட்டிப் பதில் சொல்லும்போது, அப்படிக் கேட்க அவருக்கு உரிமை இருப்பதை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். மதிப்பெண் பட்டியலைக் காட்டி இடஒதுக்கீட்டை நியாயப்படுத்தும் நண்பர்களிடமும் நாம் இதைத்தான் சொல்லி வருகிறோம். அவர்கள் வரைந்த கோட்டுக்குள் நின்று ஆடினால், கோட்டை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்வார்கள்.

ஹரித்வார் மாவட்டம் ரோஷ்னாபாத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? டோக்கியோவில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். சில நாட்களில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஆதிக்கசாதி ஆண்கள் அவருடைய வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள். ஹாட்ரிக் அந்த வாசலைக் காக்கவில்லை. குடும்பத்தின் புகாரும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்தான் அவர்களைக் கைது வரை கொண்டுபோயின.

இனமும் சாதியும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எகோனுவைப் பார்த்த கணத்தில் ஒதுக்குகிறவர்களுக்கு அவருடைய தோல் போதும். வந்தனாவை ஒதுக்க ஊரும் தெருவும் பெயரும் தெரிய வேண்டும். 2001இல் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேச வைக்க தலித் அமைப்புகள் போராடியபோது, இந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் இந்திய அரசு தடுத்தது. வேறுபாடு உண்மை, தடுத்ததற்கான காரணம் அது இல்லை. பிறப்பால் ஒருவரை வெளியே நிறுத்தும் இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டுமே தெளிவாகத் தெரியும் என்ற பயம்தான் காரணம்.

ஆகவே விளையாட்டைப் பற்றி எழுதும் மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிசு மேடையைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் தேர்வு முகாமின் வாசலுக்குப் போங்கள். உங்கள் மாவட்டத்து ஜூனியர் அணித் தேர்வுக்கு யாருக்குத் தகவல் போகிறது, என்னென்ன சான்றிதழ் கேட்கிறார்கள், வருகிற பெண்ணிடம் காலணியும் பேருந்துக் காசும் இருக்கிறதா, காலனியிலிருந்து வருகிறவளை முகாமில் யாரோடு தங்க வைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். தோற்றுத் திரும்பியவளிடமும் பேட்டி எடுங்கள்.

இத்தாலியில் கதை இன்னும் முடியவில்லை. லிமாவில் அந்தச் சிறுமிகள் கோப்பை வாங்கிய இரண்டாவது மாதம், 2015 அக்டோபரில், குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு எளிதாகக் குடியுரிமை தரும் மசோதா கீழவையில் நிறைவேறியது. மேலவையில் 2017 டிசம்பர் 23 அன்று, விவாதத்தைத் தொடங்கப் போதுமான உறுப்பினர்கள் வராததால் அது செத்தது. பாரிஸ் தங்கத்துக்குப் பிறகு, 10 ஆண்டு நிபந்தனையை 5 ஆண்டாகக் குறைக்கக் கோரிக் கையெழுத்துகள் திரண்டன. 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 65 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஆனால் வந்து வாக்களித்தவர்களே சுமார் 30 விழுக்காடு. பாதிப் பேருக்கு மேல் வந்தால்தான் செல்லும் என்பதால் முடிவு செல்லாமல் போனது. லிமா இறுதி ஆட்டம் நடந்த வாரத்தில் இத்தாலியில் ஒரு வெளிநாட்டுத் தாய்க்குப் பிறந்த பெண்குழந்தைக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. பெற்றோருக்குக் காகிதம் கிடைக்காவிட்டால், அவள் விண்ணப்பிக்கக்கூடிய முதல் நாள் 2033 ஆகஸ்டில் வரும்.