சம்பளம் நிலைத்தால் சட்டையும் மாறாது

கடலூர்ப் பெண்கள் இந்தியக் கால்பந்து அணிவரை போய்விட்டார்கள் என்று மகிழ்கிறவர்களிலேயே சிலர், ஆண்டுக்கொரு கிளப் மாறுகிறார்களே என்றும் குறைப்படுகிறார்கள். கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் 2019-இல் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோது அந்த அணியில் இருந்தார். பிறகு கேரளத்தின் கோகுலத்துக்கு ஆடினார். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த 2019 லீக் முழுவதும் லூதியானா என்ற ஒரே ஊரில், மே மாதத்துக்குள் முடிந்துவிட்டது. அணிகள் ஒன்றன் ஊருக்கு ஒன்று போய் ஆடும் முறை 2023 டிசம்பரில்தான் வந்தது. ஒரு மாதம்கூட நீடிக்காத போட்டிக்காகக் கூடும் அணியின்மீது ஆயுள்கால விசுவாசத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஒரே அணியில் நிலைப்பது ஆட்டக்காரரின் குணத்தால் மட்டும் வருவதில்லை. மாதம் தவறாத சம்பளம் வேண்டும்.

அந்தக் காலக் கால்பந்து ஆட்டக்காரர் சுனி கோஸ்வாமி எட்டு வயதில், 1946-இல் கல்கத்தாவின் மோகன் பகான் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1968-இல் ஓய்வுபெறும்வரை வேறு கிளப்புக்கு ஆடவில்லை. அந்தப் பற்றை வியக்கும் நாம், அவருக்கு ஸ்டேட் வங்கியில் வேலை இருந்ததைச் சொல்வதில்லை. என் வாதத்துக்கு அவரைவிட வலுவான சாட்சி வலது விங்கர் பி.கே. பானர்ஜி. ஆர்யன் கிளப்பில் தொடங்கி, 1955-இல் ஈஸ்டர்ன் ரயில்வேக்கு வந்தவர் 1967 வரை அங்கேயே ஆடினார். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அதே கல்கத்தாவில் இருந்தும் அவற்றின் ஆட்டக்காரராக அவர் போகவில்லை. 1958-இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி இன்னொரு அணி அதை வெல்ல 2019 வரை, 61 ஆண்டுகள் ஆயின!

அரசு வேலை கிடைத்தால் ஆட்டம் மங்கிவிடும் என்பார்கள். ரயில்வே ஊழியராக இருந்தபடியேதான் பானர்ஜி 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியிலும் போட்டார். இந்துமதியும் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே நாட்டுக்கு ஆடினார். துறை அணிகள் தொழில்முறைக் கிளப்புகளை வளரவிடாது என்ற மறுப்பில் கொஞ்சம் உண்மை உண்டு. ரயில்வேக்கு ஆடும் அணியை ஓர் ஊர் தன்னுடையதாக நினைப்பது கடினம். இதற்கு வழி காட்டுவது சுவீடன். அங்கே கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. முதலாளி கைவிட்டாலும் கிளப் ஊரோடு இருக்கும். தொடங்கிய இடத்திலேயே ஓர் ஆட்டக்காரர் ஓய்வுபெற அங்கே வழி இருக்கிறது. நல்ல வாய்ப்பு வந்தால் போகும் உரிமை ஆட்டக்காரருக்கு எப்போதும் உண்டு. நான் கேட்பது, இருக்க விரும்புகிறவருக்கு இருக்க முடிகிற நிலை.

கடலூர் மாவட்டத்தில் அதற்கு வழியில்லாமல் இல்லை. இங்கிருக்கும் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியின் அணி 2018-இல் மகளிர் லீக்கிலேயே ஆடியது. நெய்வேலியில் என்.எல்.சி. இருக்கிறது. குடிகாட்டைச் சுற்றி சிப்காட் ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் புகையைச் சுவாசிக்கும் ஊர்களுக்கு அவை பட்டிருக்கும் கடனும் சிறிதல்ல. உறுப்பினர்கள் நடத்தும் ஒரு மாவட்ட மகளிர் கிளப், அதன் ஆட்டக்காரர்களுக்கு இந்த நிறுவனங்களில் ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் வேலை, பயிற்சிக்கும் போட்டிக்கும் ஊதியத்துடன் விடுப்பு: மாவட்ட நிர்வாகம் இந்த மூன்றையும் நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.